காஷ்டமண்டபம் ஏன் விழுந்தது? காத்மாண்டுவில் ஓர் அகழாய்வும் ஊர்மக்களின் மீட்சியும்

காத்மாண்டு நகரம் தன் பெயரை ஒரு சத்திரத்திடமிருந்து பெற்றது. ஹனுமான் தோகா அரண்மனைச் சதுக்கத்தின் தென்மேற்கே, மரு என்னும் பகுதியில், பழைய வணிகப் பாதைகள் கூடும் இடத்தில் நின்ற காஷ்டமண்டபமே அது. மூன்றடுக்குக் கூரை, சுமார் 16 மீட்டர் உயரம், யாரும் வந்து உட்காரலாம் என்று திறந்துவிட்ட கீழ்த்தளம். நடுவே கோரக்நாதர், மூலைகளில் பிள்ளையார். பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்கள் இதை ‘மரு சத்த’ என்பார்கள். மண்டபம் முழுவதும் ஒரே மரத்தைக் கொண்டு கட்டப்பட்டது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. உப்பின் விலையும் எண்ணெயின் விலையும் ஒன்றாகும்வரை இதன் பணி முழுமை பெறாது என்றும் சொல்வார்கள்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, முற்பகல் 11:56. கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் அருகே மையம் கொண்ட 7.8 அளவு நிலநடுக்கம் பள்ளத்தாக்கை உலுக்கியபோது, மண்டபத்தில் ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. கட்டடம் முழுவதுமாகச் சரிந்தது. முகாமுக்கு வந்தவர்களில் சிலர் அங்கேயே உயிரிழந்தார்கள். நேபாளம் முழுவதும் மாண்டவர்கள் ஏறத்தாழ 9,000 பேர். மே 12 அன்று 7.3 அளவில் மீண்டும் ஒரு பெரும் அதிர்வு. பண்பாட்டு, சமயச் சிறப்புடைய சுமார் 2,900 கட்டுமானங்கள் பாதிக்கப்பட்டதாகப் பேரிடருக்குப் பிந்தைய அரசு மதிப்பீடு சொன்னது. உலக மரபுச் சின்னப் பட்டியலில் 1979 முதல் இடம்பெற்றிருக்கும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் மூன்று அரண்மனைச் சதுக்கங்களும் அதில் அடக்கம்.

காஷ்டமண்டபம் 2022-இல் மீண்டும் எழுந்து நின்றது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அங்கே நடந்ததை, ஒரு கட்டடத்தின் புனரமைப்பு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். இழப்பைச் சந்தித்த ஒரு சமூகம் தன்மீதே இழந்துவிட்ட நம்பிக்கையைத் திரும்பப் பெற்ற வழி அது. அந்த வழியைத் திறந்துவிட்டதில் அகழாய்வுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கணிப்பு. காரணம் எளிது. ‘இது ஏன் விழுந்தது?’ என்ற கேள்விக்கு மண்ணுக்குள்ளிருந்து பதில் வந்தது. அந்தப் பதில் பழியை முன்னோர்மேலிருந்து இறக்கி வைத்தது.

முதல் நாள்களில் இரண்டு சதுக்கங்கள்

இடிபாட்டுக்குள் உயிர்கள் இருக்கும்போது எந்திரங்களைக் கொண்டுவருவதில் தவறே இல்லை. மரு பகுதியில் அப்படித்தான் நடந்தது. ஆனால் மீட்புக்கான நேரம் கடந்த பிறகும் மண்வாரி எந்திரங்களே பணியைத் தொடர்ந்தன. செதுக்கிய மரங்களும் பழைய செங்கற்களும் குப்பையோடு குப்பையாக வாரப்பட்டன. எந்த உத்திரம் எந்தத் தூணுக்கு உரியது, எந்தத் திசையில் விழுந்தது என்ற விவரங்கள் அந்த வாரலில் அழிந்தன. அகழாய்வாளருக்கு இடிந்து கிடக்கும் நிலையே ஒரு சான்று. கலைத்துவிட்டால் அது திரும்பக் கிடைக்காது.

சில கிலோமீட்டர் தெற்கே பாட்டன் நகரில் வேறு காட்சி. ஹரிசங்கரர் கோயிலும், 1566-இல் கட்டப்பட்ட சார் நாராயணர் கோயிலும் அங்கே தரைமட்டமாகியிருந்தன. ஊர்மக்களும் காவல்துறையினரும் படைவீரர்களும் வரிசையாக நின்று, செதுக்குவேலைப்பாடு கொண்ட மரங்களைக் கைமாற்றிக் கைமாற்றி அரண்மனை வளாகத்துக்குள் சேர்த்தார்கள். 1991 முதல் அங்கே இயங்கிவரும் காத்மாண்டுப் பள்ளத்தாக்குப் பாதுகாப்பு அறக்கட்டளை அவற்றைத் தரம் பிரித்தது. தச்சர்கள் துண்டு துண்டாகப் பொருத்திப் பார்த்தார்கள். நேபாளத்தின் கோயில்களிலிருந்து பல பத்தாண்டுகளாகத் திருடர்கள் சிலைகளையும் செதுக்கு மரங்களையும் கடத்திவந்திருக்கிறார்கள். அதனால் இந்தச் சேகரிப்புக்கு அவசரமும் இருந்தது, காவலும் தேவைப்பட்டது.

வீடிழந்து கூடாரத்தில் படுத்திருந்தவர்கள் ஏன் கோயில் மரத்தைத் தூக்க வந்தார்கள் என்ற கேள்வி வெளியூர்க்காரருக்கு எழலாம். என் பார்வையில், அந்த நேரத்தில் அவர்களால் முழுமையாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை அது ஒன்றுதான். இடிந்த வீட்டைச் சரிசெய்யப் பணம் வேண்டும், பொறியாளர் வேண்டும், அரசாணை வேண்டும். ஒரு மரத்தைத் தூக்கிப் பத்திரமான இடத்தில் வைப்பதற்கு இரண்டு கைகள் போதும். எதையும் செய்ய முடியவில்லையே என்ற தவிப்பு பேரிடரின் இரண்டாவது காயம். அதற்கு மருந்து, வேலை. அந்த வேலைக்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. பாட்டனில் அந்த வாய்ப்பு கிடைத்தது. மருவில் எந்திரம் அதைப் பறித்துக்கொண்டது. மருவுக்கு இரண்டாவது வாய்ப்பு, அகழாய்வுக் குழியின் வடிவில் வந்தது.

தரைக்குக் கீழே

2015-இன் இறுதி மாதங்களில் யுனெஸ்கோவின் ஆதரவுடன் நேபாளத் தொல்லியல் துறையும் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்து பள்ளத்தாக்கில் ஆய்வைத் தொடங்கின. லும்பினி அகழாய்வால் அறியப்பட்ட பேராசிரியர் ராபின் கானிங்ஹாமும், நேபாளத் தொல்லியல் துறையின் முன்னாள் தலைமை இயக்குநர் கோஷ் பிரசாத் ஆசார்யாவும் முன்நின்றார்கள். நிலத்தைத் தோண்டாமலே அடியில் இருப்பதை அறிய உதவும் தரை ஊடுருவு ராடாரையும் பயன்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு காஷ்டமண்டபத்தில் விரிவான அகழாய்வு நடந்தது.

அதுவரை இந்த மண்டபத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று 12-ஆம் நூற்றாண்டுக்கு உரியது. 1143-ஆம் ஆண்டுச் சுவடிக் குறிப்பு ஒன்றை வைத்தே வரலாற்றாசிரியர்கள் காலம் சொல்லிவந்தார்கள். கரிமக் காலக்கணிப்பும், மண்துகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளிர்வுக் காலக்கணிப்பும் அந்தக் கணக்கை மாற்றின. அடித்தளத்தின் தொடக்கம் 7-ஆம் நூற்றாண்டு, லிச்சவி அரசர்களின் காலம். ஊர் தன் மண்டபத்தின் வயதை ஐந்நூறு ஆண்டுகள் குறைத்துச் சொல்லிவந்திருக்கிறது.

அதைவிட முக்கியமானது அடித்தளத்தின் அமைப்பு. இரண்டு மீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற செங்கல் சுவர்கள். பிணைப்புக்கு மண் சாந்து. நடுவே நான்கு செங்கல் திண்டுகள். அவற்றின்மேல் தாங்குகற்கள். அந்தக் கற்களின் குழியில்தான் மண்டபத்தின் நான்கு பெருந்தூண்களும் கழுந்து (தூணடியில் செதுக்கிய முளை) பொருத்தி நிற்கும். பிற்காலத்தில் இந்தத் திண்டுகளைக் குறுக்குச் சுவர்களால் இணைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்பது அறைகள் கொண்ட மண்டலமாக, அதாவது வழிபாட்டுக்குரிய வடிவ வரைபடமாக, அது தெரிகிறது. அடித்தளத்தில் பொற்றகட்டு மண்டலங்களும் கிடைத்தன. கட்டியவர்களுக்குப் பொறியியலும் வழிபாடும் இரு வேறு துறைகளாக இருக்கவில்லை: குறுக்குச் சுவர் அடித்தளத்தை இறுகப் பிணைக்கிறது, அதே சுவர் தெய்வத்துக்குரிய வரைபடமாகவும் அமைகிறது.

இந்த அடித்தளத்தில் 2015-இன் அதிர்வால் பெரிய சேதம் எதுவும் இல்லை. 1934 ஜனவரி 15-இல் இந்தப் பகுதியைச் சிதைத்த, எட்டை ஒட்டிய அளவுள்ள நிலநடுக்கத்தையும் அது தாங்கியிருந்தது. அப்படியென்றால் மேலே இருந்தது ஏன் விழுந்தது?

விடை வடகிழக்குத் தூணடியில் கிடைத்தது. மற்ற மூன்று தூண்களுக்கும் தாங்குகல் தெரிந்தது. நான்காவது, கட்டடம் விழுந்தபோது எங்கும் காணவில்லை. திருடுபோயிருக்கலாம் என்றுகூட எண்ண இடமிருந்தது. அகழாய்வில் அது தன் பழைய இடத்திலேயே, பிற்காலத் தளவரிசைக்குக் கீழே மூடப்பட்டுக் கிடந்தது. 1960-களில் மண்டபத்தைப் பழுதுபார்த்தபோது தரையை மேவிவிட்டார்கள். தூணைக் கல்லின் குழியில் மீண்டும் பொருத்தவில்லை. கழுந்து இல்லாமல் தளத்தின்மேல் வெறுமனே நின்ற ஒரு தூணோடு, பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாமல், மண்டபம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நின்றிருக்கிறது.

அந்தப் பதில் என்ன செய்தது

நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கும் ஒரு பேச்சு பரவும். மண்ணும் மரமும் பழங்காலச் சரக்கு. இந்தக் காலத்துக்குக் கான்கிரீட்தான் பாதுகாப்பு. காத்மாண்டுவிலும் அதையே பலர் சொன்னார்கள், கனிந்த மனத்தோடு சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது: உன் பாட்டன் கட்டத் தெரியாமல் கட்டினான், அதனால் மனிதர்கள் செத்தார்கள். உறவினரைப் பறிகொடுத்த ஊரில் இந்தக் குற்றச்சாட்டு மிகவும் ஆழமாக இறங்கும். தெய்வம் கைவிட்டது, முன்னோர் அறிவும் கைவிட்டது என்றால் மனிதன் எதன்மேல் காலூன்றுவான்?

அகழாய்வு அந்தக் குற்றச்சாட்டை ஆதாரத்தோடு தள்ளுபடி செய்தது. கட்டியவர்களின் அறிவில் பிழை இல்லை. அவர்களின் அறிவைப் புரிந்துகொள்ளாத பழுதுபார்ப்பும் பராமரிப்புக் குறைவுமே மண்டபத்தைப் பலவீனப்படுத்தின. மண் சாந்து நெகிழும். அதிர்வை வாங்கிக்கொண்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும். மரச்சட்டங்களை ஆப்பும் முளையும் இட்டுப் பிணைத்த நேவார் கட்டுமுறையும் அசைவதற்கு இடம் வைத்தே சிந்திக்கப்பட்டது. ஒழுகும் கூரையை உடனே மாற்றி, உளுத்த கழுந்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்யும் வரை அது நிற்கும். பராமரிப்பு நின்றுபோனால் எந்த முறையும் நிற்காது, கான்கிரீட்டும் அப்படித்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆய்வு முடிவுகள் பல்கலைக்கழக இதழ்களுக்குள் அடங்கிவிடவில்லை. நகரின் நடுவில், தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் இடத்தில் தோண்டினார்கள். வேலைக்குப் போகிறவர்களும் மருப் பிள்ளையாரை வணங்க வந்தவர்களும் குழியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். பிறகு ஹனுமான் தோகா அரண்மனையில் கண்காட்சியும் வைத்தார்கள். தன் ஊரின் அடித்தளத்தைத் தன் கண்ணாலேயே பார்த்த ஒருவரிடம், ‘பழைய கட்டுமுறை பலவீனமானது’ என்று இனி யார் சொன்னாலும் எடுபடாது.

கான்கிரீட்டை மறுத்தவர்கள்

இந்த அறிவு உடனே சோதனைக்கு வந்தது. மண்டபத்தை மீண்டும் எழுப்ப முதலில் தயாரான திட்டத்தில் இரும்பும் சிமென்ட்டும் இடம்பெற்றிருந்தன. அரசுக் கொள்முதல் விதிப்படி, குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்ளும் ஒப்பந்ததாரருக்கே வேலை போகும். நேவார் தச்சுமுறையை அறிந்தவரா என்ற கேள்விக்கு அந்த விதியில் பெரிய இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது. ‘காஷ்டமண்டபப் புனரமைப்பு இயக்கம்’ என்ற பெயரில் ஊர்மக்களும் கட்டடக் கலைஞர்களும் இளைஞர்களும் ஒன்றுகூடினார்கள். தங்கள் மண்டபத்தைத் தாங்களே, பழைய முறையிலேயே கட்டுவோம் என்றார்கள். 2017-இல் அரசுத் தரப்புகளோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு மாநகராட்சியில் தலைமை மாறியதும் அது தடுமாறியது. நீண்ட இழுபறிக்குப் பிறகு உள்ளூர்க்காரர்களைக் கொண்ட புனரமைப்புக் குழுவின் கைக்கு வேலை வந்தது. சால மரத் தூண்கள், செங்கல், மண் சாந்து. தொடங்கும் முன் தெய்வத்திடம் பிழை பொறுக்கக் கேட்கும் க்ஷமா பூஜை. 2022-இல் பணி முடிந்தது.

இயக்கத்தினர் ஆரம்பித்தார்கள், முடித்தவர்கள் வேறு குழுவினர் என்பதில் கசப்பு இருந்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. கூடிச் செய்யும் எந்த வேலையிலும் ‘யார் பெயரால்’ என்ற சண்டை வரும். ஆனால் அவர்கள் சண்டையிட்டது எதற்காக என்று பாருங்கள்: தங்கள் உழைப்பைத் தருவதற்கான உரிமைக்காக. பேரிடரில் அடிபட்ட மக்கள் நிவாரணப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்ற நிலையிலிருந்து, எந்த மரம், எந்தச் சாந்து, யார் தச்சர் என்று வாதாடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். மீட்சிக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

பள்ளத்தாக்கின் இன்னொரு பழைய நகரமான பக்தபூரில் இந்த உறுதி இன்னும் முன்னரே வேரூன்றியிருந்தது. அங்கே நகராட்சி, வெளிநாட்டு நிதியின் நிபந்தனைகள் தனக்கு ஒத்துவராது என்று ஜெர்மன் உதவி ஒன்றையே மறுத்துவிட்டு, உள்ளூர்ப் பயனாளர் குழுக்கள் மூலம் கோயில்களை எழுப்பியது.

மகனை இழந்த தாய்க்கு வெட்டிய குளம்

காஷ்டமண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது ராணி போகரி. மன்னர் பிரதாப மல்லர் 1670-இல் வெட்டிய குளம். யானையால் மகனை இழந்து தேறாமலிருந்த அரசிக்கு ஆறுதலாக அவர் இதை அமைத்தார் என்பது மரபு. அந்த ஆண்டில் இறந்தவர்களை நினைத்துக் குடும்பத்தினர் நகரைச் சுற்றி ஊர்வலம் போகும் காய் ஜாத்ரா விழாவுக்கும் இதே அரசியின் துயரத்தோடு தொடர்பு சொல்வார்கள். தன் வீட்டுச் சாவு மட்டும் தனித்த சாவு அல்ல என்று அவள் தெரிந்துகொள்ளட்டும் என, சாவு கண்ட குடும்பங்களை எல்லாம் வீதிக்கு வரச் சொன்னாராம்; வேடிக்கையும் கிண்டலும் சேர்த்து அவளைச் சிரிக்க வைத்தார்களாம். 2015 ஆகஸ்டில், நிலநடுக்கத்துக்கு நான்கே மாதங்களுக்குப் பிறகு, அந்த ஊர்வலம் வழக்கம்போல் வீதிகளில் சென்றது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் துக்கத்துக்கு ஒரு வழி வைத்திருந்த நகரம் அது.

அந்தக் குளத்துக்கே 2016-இல் கான்கிரீட் போடத் தொடங்கினார்கள். கரையில் வாழ்ந்தவர்களும் மரபு ஆர்வலர்களும் தடுத்தார்கள். குளத்தின் அடியில் நீரைத் தேக்குவது கருப்புக் களிமண் படுகை; அதைப் பெயர்த்துவிட்டுச் சிமென்ட் பூசினால் குளம் தொட்டியாகிவிடும். போராட்டங்களுக்குப் பிறகு பணி தேசிய புனரமைப்பு ஆணையத்திடம் மாறியது. களிமண்ணைப் பழைய முறைப்படி மிதித்து இறுக்கினார்கள்; நடுவிலுள்ள பாலகோபாலேஸ்வரர் கோயிலை, 1934-க்குப் பிறகு வைத்த குவிமாடத்தை விட்டுவிட்டு, பிரதாப மல்லர் காலச் சிகர வடிவத்தில் எழுப்பினார்கள். 2020 அக்டோபரில் குளம் திறக்கப்பட்டது. உடன்பிறப்பு இல்லாதவர்கள் வந்து திலகம் இட்டுக்கொள்வதற்காக அந்தக் கோயில் திகார் விழாவில் சகோதரிகள் சகோதரர்களுக்குத் திலகமிடும் பாய் டீக்கா நாளில் திறக்கும். இழப்பும் இன்மையும் கொண்டவர்களுக்கு என்றே ஒரு வாசல் இருக்கும் இடத்தைச் சிமென்ட் தொட்டியாக்கியிருந்தால், போயிருக்கக்கூடியது நீர் மட்டும் அல்ல.

ஆறாத பகுதிகள்

இந்த நிகழ்வை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் எடுத்துச் செல்பவர்கள் சிலவற்றை மறந்துவிடக் கூடாது. சதுக்கங்களின் கோயில்கள் எழுந்த வேகத்தில் வீடுகள் எழவில்லை. வீடு கட்ட அரசு தவணைகளாகத் தந்தது 3 லட்சம் நேபாள ரூபாய். பழைய நேவார் குடியிருப்புகளில் ஒரே வீட்டின் பங்கு பல சகோதரர்களிடம் பிரிந்து கிடக்கும். ஒருவர் ஒப்பவில்லை என்றால் சுவர் எழாது. மண்ணிலும் மரத்திலும் கட்ட விரும்பியவர்களுக்குச் செலவு கூடுதல். தெருவின் மூலையில் கோயில் பழைய முறையிலும், அதைச் சூழ்ந்த வீடுகள் கான்கிரீட்டிலும் எழுந்ததற்கு இதுவே காரணம். கோயிலுக்குக் கிடைத்த தொழில்நுட்ப ஆதரவில் ஒரு பகுதியாவது வீடுகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

1934-இலும் 2015-இலும் விழுந்த, காத்மாண்டுவின் தரஹரா கோபுரம் இன்னொரு பாடம். கான்கிரீட்டில் அது மிக விரைவாக, 2021 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. அங்கே மாண்டவர்களின் குடும்பங்களுக்கு அந்தக் கட்டுமானத்தில் என்ன பங்கு இருந்தது என்று தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. உயரமான ஒன்று திரும்ப நிற்கிறது என்பதைத் தாண்டி எனக்கு அதில் எதுவும் தெரியவில்லை.

காஷ்டமண்டபத்தின் எதிர்காலமும் உறுதியாகிவிடவில்லை. நான்காவது தூணின் தாங்குகல்லை மூடிய தவறு, பராமரிப்புக் கை மாறியதிலிருந்து வந்தது. பள்ளத்தாக்கில் கோயில், சத்திரம், நீர்த்துறை ஆகியவற்றைப் பேணியவை ‘குத்தி’ என்னும் சமூக அமைப்புகள். நில வருமானத்தைக் கொண்டு கூரையில் முளைக்கும் செடியைப் பிடுங்குவது முதல் விழா நடத்துவதுவரை அவை செய்தன. அந்த நிலங்கள் பல பத்தாண்டுகளில் கரைந்தன. 2019-இல் குத்திகளை அரசு ஆணையத்தின் கீழ் கொண்டுவரும் மசோதா வந்தபோது, ஜூன் மாதத்தில் காத்மாண்டுவின் வீதிகள் மக்களால் நிறைந்தன. அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. கான்கிரீட்டை எதிர்த்து நின்ற அனுபவம் அந்தக் கூட்டத்துக்கு உரம் சேர்த்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் மசோதா போனதால் நிலம் திரும்பிவிடவில்லை. புதிய மண்டபத்தின் தூண் கழுந்துகளை ஆண்டுதோறும் யார் பரிசோதிப்பார், அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை எழுத்தில் உறுதிசெய்யும் வேலை இன்னும் அந்த ஊரின்முன் இருக்கிறது. நிலநடுக்கம் வரக்கூடிய எந்தப் பழைய நகரமும் அதே வேலையை, இடிவதற்கு முன்பே, இன்றே தொடங்கலாம்: எந்தத் தூண் எந்தக் கல்லில் நிற்கிறது என்று தளத்தைத் திறந்து பார்த்துப் பதிவு செய்வது, இடிந்தால் மரங்களை எங்கே சேர்ப்பது என்று இடம் குறிப்பது, மண்வாரி எந்திரம் எப்போது நிற்க வேண்டும், மனிதக் கைகள் எப்போது தொடங்க வேண்டும் என்று மீட்புப் படையோடு முன்கூட்டியே பேசி வைப்பது.